கச்சான் காற்றும் கட்டடத் தூசியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரைக்கும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எந்தத் தெருவில் போனாலும் ஒரு வீடாவது எழும்பிக்கொண்டிருக்கும். மாரி தொடங்குவதற்குள் கூரையைப் போட்டுவிட வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். கச்சான் அடிப்பதும் இதே மாதங்களில்தான். அதனால் இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தூசியைப் பற்றியே இருந்தன. அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். ஒருவருக்குச் சொன்னது இன்னொருவருக்கும் உதவும், ஆகவே உங்கள் கேள்வியோடு நிறுத்திவிடாமல் மற்றவற்றையும் வாசித்துவிடுங்கள்.

எங்கள் வீட்டுக்கு மேற்குப் பக்க வளவில் இரண்டு மாடி வீடு கட்டுகிறார்கள். பின்னேரம் பார்த்தால் விறாந்தை முழுக்கச் சாம்பல் நிறத் தூசி. ஏழு வயது மகனுக்கு முட்டு வருத்தம் இருக்கிறது, இப்போது அடிக்கடி பம் அடிக்க வேண்டியிருக்கிறது. கட்டுகிறவர்கள் தூரத்துச் சொந்தம், சண்டை பிடிக்க விருப்பமில்லை. என்ன செய்யலாம்? – ஒரு தாய், நாவற்குடா

முதலில் மகனின் விஷயம். வழமையை விட அடிக்கடி பம் தேவைப்படுகிறது என்றால் வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லை என்று அர்த்தம். தூசி குறையட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் இந்தக் கிழமையே கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். இழுக்கும்போது அடிக்கும் பம் வேறு, வராமல் தடுப்பதற்கு ஒவ்வொரு நாளும் எடுக்கும் பம் வேறு. பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறது என்பதையும் டொக்டரிடம் சொல்லுங்கள், அவர் மருந்தை அதற்கேற்ப மாற்றக்கூடும்.

அடுத்தது, மேற்குப் பக்கம் என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி விஷயம் இருக்கிறது. கச்சான் மேற்கே தரைப்பக்கமிருந்து கிழக்கே கடலை நோக்கி வீசும் காற்று, அதனால் அந்த வளவில் கிளம்புகிற தூசி நேரே உங்கள் வீட்டுக்குத்தான் வரும். கடற்காற்று எழும்புகிற நேரத்தில் அது மறுபக்கம் போகும். சொந்தக்காரரிடம் போய் "உங்களால் பிள்ளைக்கு வருத்தம்" என்று தொடங்கினால் கதை அங்கேயே முடிந்துவிடும். "மாமா, வேலையை நிறுத்தச் சொல்லவில்லை, கல் வெட்டுவதையும் சீமெந்து குழைப்பதையும் மட்டும் எங்கள் வீட்டுக்குத் தூரமான மேற்கு மூலைக்கு மாற்றித் தாருங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கு ஒரு சதமும் செலவில்லை, உங்களுக்குப் பெரிய மாற்றம் தெரியும். வேலையை நடத்துகிற மேசன் பாஸும் பக்கத்தில் நிற்கிற நேரமாகப் போவது நல்லது, ஏனென்றால் எதை எங்கே வைத்து வெட்டுவது என்று முடிவெடுப்பது வீட்டுக்காரர் இல்லை, பாஸ்தான்.

மணல் குவியலையும் கிறவல் குவியலையும் படங்கால் மூடி, நாலு பக்கமும் கல் வைக்கச் சொல்லுங்கள். ஆற்று மணல் அவ்வளவு பறக்காது, மணி பெரிது. கிறவலும் கல் தூளும்தான் பறக்கும். காலையில் வேலை தொடங்கும் முன் ஒரு தரம், கச்சான் உரமாக அடிக்கத் தொடங்கும் முன் இன்னொரு தரம் நிலத்தை நனைத்தால் போதும், நாள் முழுக்க ஹோஸ் பிடித்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை.

எல்லையில் ஒரு மறைப்பும் வேண்டும். பலர் தகரம் அடிக்கிறார்கள். தகரம் காற்றை நிறுத்துவதில்லை, காற்று அதன் மேலால் ஏறி மறுபக்கம் சுழன்று விழும், அந்தச் சுழலோடு தூசியும் விழும். காற்று கொஞ்சம் புகுந்து போகக்கூடிய மறைப்பு, அதாவது நம்முடைய கிடுகு வேலியோ நாற்றுமேடைக்குக் கட்டுகிற பச்சை நிழல் வலையோ, காற்றின் வேகத்தைக் குறைத்து அதை மெதுவாக விடும், வேகம் குறைந்த காற்றால் தூசியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. தகரம் ஏற்கனவே இருந்தால் கழற்ற வேண்டாம், அதற்கு மேல் ஒரு பாகம் வலையைக் கட்டச் சொல்லுங்கள். செலவில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னால் மாமா மறுப்பது கடினம்.

உங்கள் வீட்டுக்குள்ளே, வேலை நடக்கிற நேரம் மேற்கு யன்னல்களைச் சாத்தி மற்றப் பக்கத்தைத் திறந்து விடுங்கள். தும்புத்தடியால் உலரக் கூட்டவே வேண்டாம், ஈரத் துணியால் துடையுங்கள். உலரக் கூட்டினால் படிந்து கிடந்த மெல்லிய தூசி மறுபடி எழும்பி மகனின் மூச்சு உயரத்துக்கு வந்து நிற்கும். அவர் படுக்கிற அறையை மட்டுமாவது பின்னேரம் துடைத்து, தலையணை உறையைக் கழற்றி உதறாமல் கழுவப் போடுங்கள். கிணற்றுக்கு வலை போட்டு மூடுங்கள்.

இதெல்லாம் கேட்டும் அவர்கள் அசையவில்லை என்றால் பி.எச்.ஐ. ஐயாவிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சொல்லலாம், கட்டட அனுமதி கொடுத்தது மாநகர சபையோ பிரதேச சபையோ அங்கேயும் எழுத்தில் கொடுக்கலாம். மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் முறையிடலாம், 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் இயங்கும் சபை அது. அயலில் பல வீடுகளுக்குத் தொல்லை என்றால் நீதவான் நீதிமன்றத்துக்குப் பொதுத் தொல்லையாகக் கொண்டுபோகவும் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தில் 98ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் சொந்தக்காரர் என்று எழுதியிருக்கிறீர்கள், இன்னும் எத்தனையோ வருடம் ஒரே மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கப் போகிறீர்கள், அதனால் இரண்டு மூன்று தரம் நேரே கதைத்துப் பார்த்த பிறகு அந்த வழிக்குப் போங்கள்.

டைல்ஸ் வெட்டும்போது முகத்தில் லேஞ்சி கட்டிக்கொள்கிறேன். அது போதும்தானே? என்95 முகக்கவசம் போட்டால் மூச்சு முட்டுகிறது, தாடியும் இருக்கிறது. – டைல்ஸ் பாஸ், 26 வயது, சாய்ந்தமருது

போதாது தம்பி. இந்தக் கடிதங்களிலேயே எனக்கு அதிகக் கவலை தந்தது உங்களுடையதுதான், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

உலர்ந்த டைலில் கிரைண்டரை வைத்ததும் வெள்ளையாகப் புகை மாதிரி எழும்புமே, அதில் கண்ணுக்குத் தெரிவது பெரிய துகள். அது மூக்கிலும் தொண்டையிலும் ஒட்டும், தும்மலோடும் சளியோடும் வெளியே போய்விடும். நுரையீரலின் அடிவரைக்கும் போவது ஏறத்தாழ 4 மைக்ரோனுக்குக் குறைந்தது (ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோன்). தலைமயிர் ஒன்று 50 தொடக்கம் 70 மைக்ரோன் தடிப்பு, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தத் துகள் லேஞ்சியின் நூல்களுக்கிடையே தாராளமாகப் புகும். அது கீழே விழுவதும் லேசில் நடக்காது: அசையாத காற்றில் 10 மைக்ரோன் துகள் ஆள் உயரத்திலிருந்து நிலத்துக்கு வர மூன்று நிமிடம் வரை எடுக்கும், 1 மைக்ரோன் துகளுக்கு மணித்தியாலக் கணக்கில் பிடிக்கும். நீங்கள் மெசினை நிறுத்தி, லேஞ்சியை அவிழ்த்து, அதே அறையில் இருந்து தேத்தண்ணி குடிக்கிறீர்கள். அப்போதும் அது உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறது.

அந்தத் தூசியில் பளிங்குச் சிலிக்கா இருக்கிறது. டைலின் களிமண்ணில், கொங்கிறீற்றின் மணலில், கருங்கல்லில் எல்லாம் இருப்பது இதுதான். 1997இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அதை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதலாம் தொகுதியில் சேர்த்தது. புற்றுநோய்க்கு முன்னரே சிலிக்கோசிஸ் வரும், நுரையீரல் தழும்பு பிடித்து இறுகும் நோய், வந்தால் மாற்ற மருந்தில்லை. அமெரிக்காவில் 2016இல் கொண்டுவந்த விதிப்படி எட்டு மணித்தியால வேலையில் ஒரு கன மீற்றர் காற்றில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் இந்தத் தூசி இருக்கக் கூடாது. வேலை செய்கிற ஆள் எட்டு மணித்தியாலத்தில் ஏறத்தாழ 10 கன மீற்றர் காற்றை இழுக்கிறார் என்று வைத்தால், ஒரு நாளுக்கான உச்ச அளவே அரை மில்லிகிராம்தான் வருகிறது. ஒரு மணி சீனியின் நிறை அளவு.

சரி, என்ன செய்வது. ஓர் அறைக்கு டைல் பதிக்கும்போது பெரும்பாலான வெட்டு நேர் வெட்டுத்தானே. அதற்குக் கிரைண்டரே வேண்டாம், கையால் இழுத்துக் கீறி அழுத்தி உடைக்கிற டைல் கட்டர் போதும். தூசி இல்லை, கரண்ட் இல்லை, சத்தமும் இல்லை. மூலைக்கு எல் வடிவில் வெட்டவும் பைப்புக்குத் துளை போடவும் மட்டும் மெசின் தேவை. அதற்குத் தட்டில் தண்ணீர் விட்டு வெட்டுகிற மேசை மெசினைப் பாவியுங்கள், சொந்தமாக வாங்க முடியாவிட்டால் நாள் வாடகைக்கு எடுக்கலாம். தகடு டைலைத் தொடுகிற அதே இடத்தில் தண்ணீர் விழ வேண்டும், அப்போதுதான் தூசி பிறக்கும்போதே சேறாகிவிடும். வெட்டி முடித்த பிறகு தெளிக்கும் தண்ணீரால் காற்றில் ஏறிப்போனதைப் பிடிக்க முடியாது.

ஒன்றைக் கவனியுங்கள். சில இடங்களில் சாதாரணக் கைக் கிரைண்டருக்குக் கையாள் போத்தலால் தண்ணீர் ஊற்ற ஊற்ற வெட்டுகிறார்கள். அந்த மெசின் தண்ணீருக்குச் செய்ததல்ல, கரண்ட் அடித்தால் அந்த இடத்திலேயே உயிர் போகும். தண்ணீரோடு வெட்டுவதற்கென்றே செய்த மெசினை, ட்ரிப் சுவிட்ச் உள்ள லைனில் மாத்திரம் பாவியுங்கள். வழியில்லாமல் உலர வெட்டத்தான் வேண்டும் என்றால் வெளியே, காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று வெட்டுங்கள், தகட்டைச் சுற்றி மூடி போட்டு வேக்குவம் பூட்டுகிற ஏற்பாடு இருந்தால் இன்னும் நல்லது. வெட்டிய சேற்றை அன்றைக்கே அள்ளிவிட வேண்டும், காய்ந்தால் அது பழையபடி தூசி.

தாடியை எடுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை, அது உங்கள் மார்க்கம், உங்கள் விருப்பம். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். என்95 முகத்தோடு ஒட்டியிருந்தால்தான் வேலை செய்யும், தாடிக்கு மேல் போட்டால் விளிம்பால் காற்று புகுந்துவிடும். தாடி உள்ள ஆட்களுக்குத் தலை முழுக்க மூடி, பற்றரியால் காற்றூதுகிற கவசம் இருக்கிறது, விலை கூட. அதனால்தான் உங்களைப் போன்றவர்கள் தண்ணீரையும் கை கட்டரையும் மற்றவர்களை விட இறுக்கமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்கிறேன். மூச்சு முட்டுவது பற்றி: என்95 தூசி ஏற ஏற அடைபடும், அடைபட்டதைத் தட்டிவிட்டுத் திரும்பப் போடாமல் புதிதை எடுங்கள். அடிக்கடி வெளியே வந்து நல்ல காற்றில் கழற்றி ஆறுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். உடுப்பில் உள்ள தூசியைப் புளோவரால் ஊதவே வேண்டாம், அது நேரே முகத்துக்கு வரும். வேலை உடுப்போடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்க வேண்டாம், மாற்று உடுப்பைச் சைட்டிலேயே வைத்திருங்கள். பன்ட்ரிக்கு மேல் பதிக்கிற செயற்கைக் குவாட்ஸ் பலகை வெட்டும் வேலை வந்தால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சிலிக்காவாக இருக்கலாம். இளம் தொழிலாளர்கள் நோயாளிகளானதால் அவுஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகையையே தடை செய்துவிட்டது. உங்களுக்கு 26 வயது தம்பி, இந்தத் தொழிலில் இன்னும் முப்பது வருடம் இருக்கிறது.

கணவர் கல் உடைக்கிற கிரஷரில் பல வருடம் வேலை செய்தவர், இப்போது கட்டட வேலைக்குப் போகிறார். ஒன்றரை மாதமாக இருமல், உடம்பும் மெலிகிறது. தூசி இருமல்தான், பனங்கற்கண்டு போட்டுக் குடித்தால் சரி என்கிறார். – ஒரு வாசகி, திருக்கோவில்

சகோதரி, இதை வாசித்த அடுத்த நாளே கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நின்றால் சளியைச் சோதித்துக் காசநோய் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும், இது எல்லோருக்கும் பொது. கல் தூசியை நெடுங்காலம் சுவாசித்தவருக்கு அது இன்னும் அவசரம், ஏனென்றால் சிலிக்கா போய்ப் படிந்த நுரையீரலில் காசநோய் லேசாகத் தொற்றும். அரச வைத்தியசாலையில் காட்டினால் மாவட்ட மார்பு நோய் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்புவார்கள். சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே, மருந்து எல்லாம் இலவசம். காசநோயாக இருந்தாலும் பயப்படத் தேவையில்லை, வழமையாக ஆறு மாதம் மருந்தை விடாமல் எடுத்தால் குணமாகிறது. நடுவில் சுகம் தெரிந்ததும் நிறுத்துவதுதான் ஆபத்து.

டொக்டரிடம் "இருமல்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். எந்த வேலை, எத்தனை வருடம், கல் உடைக்கும் இடத்தில் தண்ணீர் அடித்தார்களா இல்லையா என்பதையும் சொல்லுங்கள். தொழிலைச் சொல்லாவிட்டால் சிலிக்கோசிஸ் யோசனைக்கே வராமல் போகலாம், வருடக்கணக்கில் சாதாரண இருமலுக்கு மருந்து குடித்துக்கொண்டு திரிய நேரும். புகை பிடிப்பவர் என்றால் அதை நிறுத்தச் சொல்லுங்கள். பனங்கற்கண்டு தொண்டைக்கு இதம்தான், குடிக்கட்டும், ஆனால் கிளினிக்குக்குப் போய்விட்டு வந்து குடிக்கட்டும்.

தண்ணீர் அடி, தண்ணீர் அடி என்று எல்லோரும் சொல்கிறீர்கள். இங்கே கிணறு வற்றிக் கிடக்கிறது. பவுசருக்குக் காசு யார் தருவது? – சிறிய கொந்தராத்துக்காரர், செங்கலடி

நியாயமான கேள்வி ஐயா. ஆவணியில் சீமெந்துக் கல் கட்டுக்கு ஊற்றவே தண்ணீர் இல்லாத இடங்களில் நிலத்துக்கு அடி என்று சொல்வது எளிது. அதனால் தண்ணீர் இல்லாமலே செய்யக்கூடியவற்றை முதலில் சொல்கிறேன்.

சின்னச் சைட்டில் அதிகத் தூசி கிளம்புகிற இடம் வாசலில் இருந்து குவியல் வரை டிப்பர் வந்து போகிற பாதை. கிறவல் பாதை டயரில் அரைபட்டு மாவாகிறது, அடுத்த வண்டி அந்த மாவைக் கிளப்புகிறது. அந்தப் பத்துப் பன்னிரண்டு யார் தூரத்துக்கு முக்கால் இஞ்சிச் சல்லியைப் பரவி விடுங்கள். எப்படியும் கொங்கிறீற்றுக்குச் சல்லி வாங்கத்தான் போகிறீர்கள், வேலை முடிகிற நேரம் அதை வாரிக் கழுவி நிலத்துக்குப் போடுகிற மட்டக் கொங்கிறீற்றுக்குப் பாவிக்கலாம். டிப்பர்க்காரரிடம் படங்கு போட்டு மூடாமல் வந்தால் லோட் இறக்க விடமாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். வளவுக்குள் 15 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் வேண்டாம். மண்ணையும் இடிபாட்டையும் மாடியில் இருந்து கீழே எறிவதை நிறுத்துங்கள், விழுகிற உயரம் கூடக் கூடத் தூசியும் கூடும். பழைய பரல்களை அடி வெட்டி ஒன்றுக்குள் ஒன்று செருகி, குழாய் மாதிரித் தொங்கவிட்டு அதற்குள்ளால் இறக்கலாம்.

சீமெந்துப் பையை மிக்சருக்கு மேலே தூக்கிப் பிடித்துக் கொட்டி உதறுவார்களே, அந்த உதறலில்தான் பாதி பறக்கிறது. முதலில் கொஞ்சம் தண்ணீரும் சல்லியும் உள்ளே போகட்டும், பிறகு பையை வாயோடு ஒட்டி வைத்துக் கத்தியால் கீறி மெதுவாகச் சரியுங்கள், வெறும் பையை உதறாமல் உள்பக்கமாகச் சுருட்டி வையுங்கள். சீமெந்தில் சிலிக்கா குறைவு, ஆனால் ஈரம் பட்டால் கடுமையான காரம், கண்ணில் விழுந்தால் எரித்துவிடும். உங்கள் ஆட்கள் யாருக்காவது கண்ணில் பட்டால் கசக்க விடாமல் 15 நிமிடத்துக்குக் குறையாமல் நல்ல தண்ணீரால் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். வற்றிய கிணறு என்றாலும் அதற்காக ஒரு பரல் தண்ணீர் எப்போதும் சைட்டில் இருக்க வேண்டும்.

அப்புறம் தண்ணீர். ஹோஸைத் திறந்து ஓட விட்டால் மேல் மண் சேறாகும், டயரில் ஒட்டி வீதிக்குப் போய்க் காய்ந்து அங்கே தூசியாகும். பூவாளியாலோ மருந்தடிக்கும் தெளிகருவியாலோ மெல்லிய தூவலாக, குறைவாக, ஆனால் இரண்டு மூன்று தரம் அடித்தால் கால்வாசித் தண்ணீரில் வேலை முடியும். (மருந்தடித்த பழைய தாங்கி என்றால் வேண்டாம், இதற்கென்று புதிதாக ஒன்று வாங்குங்கள்.) கூட்டும்போது மர ஆலையில் ஒரு சாக்கு மரத்தூள் வாங்கி ஈரமாக்கித் தூவிவிட்டுக் கூட்டுங்கள், தூசி அதோடு ஒட்டிக்கொண்டு வரும், அதே தூளை மறுநாளும் நனைத்துப் பாவிக்கலாம். வாவிக்கரைப் பக்கம் வேலை செய்கிறவர்கள் உவர்க் கிணற்றுத் தண்ணீரைப் பாதைக்கு அடிக்கலாம், ஆனால் கம்பியிலும் கொங்கிறீற்றிலும் படக் கூடாது, உப்பு உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்துக் கொங்கிறீற் வெடிக்கும்.

காசு யார் தருவது என்றால், வீடு கட்டுகிறவர்தான் தர வேண்டும், நீங்கள் கேட்டால். விலைக்கூற்றில் "தூசி கட்டுப்பாடு: மறைப்பு வலை, படங்கு, தண்ணீர்" என்று ஒரு தனி வரியாக எழுதித் தொகையைப் போடுங்கள். எழுதாமல் விட்டால் அது உங்கள் இலாபத்தில் இருந்து போகும், போகக் கூடாது என்று நீங்கள் செய்யாமல் விடுவீர்கள், கடைசியில் கையாள் பெடியனின் நுரையீரல்தான் அந்தக் காசைக் கட்டும். வீட்டுக்காரரிடம் இன்னொன்றையும் சொல்லலாம்: தூசி படிந்த கல்லில் பூச்சு சரியாகப் பிடிக்காது, தூசி படிந்த சுவரில் பெயின்ற் உரியும். அவருக்கும் இதில் நட்டமில்லை.

பழைய அஸ்பெஸ்டஸ் கூரையைக் கழற்றி ஓடு போடுகிறோம். கழற்றிய சீற்றுகளை உடைத்து வளவில் தண்ணீர் நிற்கும் பள்ளத்துக்குப் போடலாமா? பேரப் பிள்ளைகள் உடைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். – ஓய்வுபெற்ற ஒருவர், அக்கரைப்பற்று

வேண்டாம் ஐயா, தயவு செய்து பிள்ளைகளை அதற்குக் கிட்டவும் விட வேண்டாம். முழுதாக இருக்கிற சீற்றினால் பெரிய ஆபத்தில்லை, உடைக்கும்போதும் அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் கிளம்புகிற நார்தான் ஆபத்து. கண்ணுக்குத் தெரியாத அந்த நார் நுரையீரலில் போய்க் குத்தினால் வெளியே வராது, புற்றுநோய் இருபது, நாற்பது வருடம் கழித்தும் வரலாம். உங்கள் வயதில் உள்ளவரை விடப் பத்து வயதுப் பிள்ளைக்குத்தான் அந்தக் காலம் கையில் இருக்கிறது. நீல அஸ்பெஸ்டஸை இலங்கை 1987இல் தடை செய்தது, வெள்ளை இன்னும் பாவனையில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் எல்லா வகையையும் நிறுத்தியது.

கழற்றுகிற நாளில் பிள்ளைகளை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். சீற்றின் இரண்டு பக்கத்தையும் தூவலாக நனைத்து, ஆணியையும் போல்ற்றையும் கழற்றி, முழுச் சீற்றாகக் கயிறு கட்டி இறக்க வேண்டும், மேலிருந்து எறியக் கூடாது. கிரைண்டர் அறவே வேண்டாம். அமுக்கத் தண்ணீர் மெசினால் பாசி கழுவுவதும் கூடாது, அது நாரை அள்ளி வளவு முழுக்கப் பரப்பும். நனைந்த சீற்றில் கால் வழுக்கும், பழைய சீற் ஆள் பாரம் தாங்காமல் உடையும், அதனால் பலகை போட்டு அதன் மேல் நின்று வேலை செய்கிற அனுபவமுள்ள ஆளைப் பிடியுங்கள். அவருக்கு என்95 போதாது, நுண்ணிய நாரையும் பிடிக்கிற பி100 வடிகட்டி பூட்டிய கவசம் வேண்டும். உடைந்த துண்டுகளை ஈரத்தோடே தடித்த பொலித்தீன் பைக்குள் கட்டி வைத்து, எங்கே ஒப்படைப்பது என்று உள்ளூராட்சி சபையிடம் கேளுங்கள். பள்ளத்துக்குப் போட்டால் நாளைக்கு அதன் மேல் சைக்கிள் போகும், வண்டி போகும், ஒவ்வொரு தரமும் கொஞ்சம் கொஞ்சமாக அரைபடும்.

இன்னொரு யோசனை. சீற் வெடிப்பில்லாமல் நல்ல நிலையில் இருந்து, சூட்டுக்காக மட்டும் மாற்றுகிறீர்கள் என்றால், கழற்றாமல் மேலே வெள்ளைக் கூரைப் பெயின்ற் அடித்து, உள்ளே சீலிங் போட்டுவிட்டு விடலாம். செலவும் குறையும், நாரும் கிளம்பாது.

கடைக்கு முன்னால் வீதி ஓரம் கட்டடம் கட்டுகிறார்கள். வடை, ரோல்ஸ் தட்டில் எல்லாம் தூசி. – தேத்தண்ணிக் கடைக்காரர், கல்முனை

கண்ணாடிப் பெட்டிக்குள் வையுங்கள், கதவு வாடிக்கையாளர் பக்கம் இல்லாமல் உங்கள் பக்கம் இருக்கட்டும். குடிதண்ணீர்ப் பானைக்கு மூடி வேண்டும். எதிரே வேலை செய்கிறவர்கள் உங்களிடம்தானே காலையும் பின்னேரமும் தேத்தண்ணி குடிக்கிறார்கள், அவர்களின் பாஸிடம் கடைப்பக்கம் வலை கட்டித் தரும்படி நீங்களே நேரில் கேளுங்கள், பி.எச்.ஐ. வரைக்கும் போகத் தேவையிருக்காது.

எங்கள் பாடசாலையில் புதிய மாடிக் கட்டடம் வேலை நடக்கிறது. வகுப்பு நடக்கும்போதே கல் வெட்டுகிறார்கள், பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு இருக்கிறார்கள். ஆசிரியர் என்ற முறையில் நான் என்ன கேட்கலாம்? – ஆசிரியை, களுவாஞ்சிகுடி

ரீச்சர், நீங்கள் கேட்பதற்கு முழு உரிமையும் இருக்கிறது. பிள்ளைகளின் வளர்கிற நுரையீரல் பெரியவர்களை விட உடம்பு நிறைக்குக் கூடுதலாகக் காற்றை இழுக்கிறது, அதோடு பிள்ளைகள் இடைவேளையில் ஓடி விளையாடி வாயால் மூச்சு வாங்குகிறார்கள். இலங்கையில் வெளிக் காற்றுக்கென்று தரம் இருக்கிறது: 2008இல் திருத்தியபடி 10 மைக்ரோனும் அதற்குக் குறைவுமான தூசி 24 மணித்தியாலச் சராசரியில் ஒரு கன மீற்றருக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது, 2.5 மைக்ரோனுக்கு 50. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது இன்னும் இறுக்கம், 45உம் 15உம். இதை அளக்கிற கருவி பாடசாலையில் இருக்காது, தேவையும் இல்லை. மேசையில் விரலால் எழுதினால் எழுத்துத் தெரிகிறது என்றால் கேட்பதற்கு அதுவே காரணம்.

அதிபரிடம் போகும்போது வேலை அட்டவணையைக் கேளுங்கள். கொங்கிறீற் வெட்டுதல், சுவரில் வயர் பைப்புக்குக் காடி வெட்டுதல், பட்டி பூசிச் சாண்ட் பேப்பர் போடுதல், பழைய சுவர் இடித்தல், தூசி கூடிய வேலைகள் இவைதான். இவற்றைப் பாடசாலை விட்ட பிறகும் சனி ஞாயிறிலும் லீவிலும் வைத்துக்கொள்ளலாம். கல் அடுக்குதல், கம்பி கட்டுதல், பலகை அடித்தல் போன்றவற்றை வகுப்பு நேரத்தில் செய்யட்டும். மாற்றினால் கொந்தராத்துக்காரருக்கு நாள் கூடாது, வரிசைதான் மாறும், ஆகவே மறுக்கக் காரணம் குறைவு. வயர் பைப் போகிற இடத்தைப் பூச்சுக்கு முன்னரே குறித்துக் கல் கட்டும்போதே பதித்தால் காடி வெட்டும் வேலையே பாதி இல்லாமல் போகும், இதைப் பொறியியலாளரிடம் இப்போதே சொல்ல வேண்டும், பூச்சு முடிந்த பிறகு சொல்லிப் பயனில்லை.

வேலைப் பகுதிக்கும் வகுப்புக்கும் இடையில் ஒரு வலை மறைப்பு, பிள்ளைகள் போய்வர வேறு வாசல், தண்ணீர்த் தாங்கிக்கும் குடிக்கும் பைப்புக்கும் மூடி, இவற்றையும் அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள். முட்டு வருத்தமுள்ள பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை வகுப்பாசிரியர்களிடம் எடுத்து, அவர்களைத் தற்காலிகமாகக் கட்டடத்துக்குத் தூரமான வகுப்பறைகளில் இருத்துங்கள், பம்மைப் பையிலேயே கொண்டுவரும்படி பெற்றோருக்கு அறிவியுங்கள். காலையில் பிள்ளைகள் வகுப்பறை கூட்டுகிற வழக்கம் உங்கள் பாடசாலையிலும் இருக்குமே, வேலை முடியும் வரைக்கும் அதை ஈரத் துடைப்பாக மாற்றி, பிள்ளைகள் வருவதற்கு முன்னரே வேறு ஆளைக் கொண்டு செய்விக்க அதிபரிடம் கேளுங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம் கிட்டடியில் இருந்தால் கடிதத்தை அங்கேயும் வையுங்கள், பெற்றோரில் இரண்டு மூன்று மேசன்மாராவது இருப்பார்கள், எது நடக்கும் எது நடக்காது என்று அவர்களே கொந்தராத்துக்காரரிடம் நேரே கதைப்பார்கள்.